மலையே இல்லாத ஊரில் இரண்டு மலை: பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தும் ஓவியமும் – கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் தமிழும் ஓவியமும் கற்பித்தவன் என்ற முறையில், பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், எதை வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை, ஒரு கூரை வீடு என்றே வரைகிறாள். எங்கள் ஊரில் மலையே கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள், அம்மா. அது அவர்கள் கண்ட காட்சி அன்று. ‘இயற்கைக் காட்சி’ என்றால் இதுதான் என்று நாம் கரும்பலகையில் போட்டுப் பழக்கிய வாய்பாடு. கண்டித்தால் போகாது. ஒரு வேப்பங்கொத்தையும் ஒரு புங்கங்கொத்தையும் அவள் முன்னே வைத்து, எது எந்த மரம் என்று படத்தைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடிக்கும்படி வரையச் சொல்லுங்கள். முதலில் எல்லா இலையும் ஒரே முட்டை வடிவில்தான் வரும். கால் மணி நேரம் பொறுத்திருந்தால், வேப்பிலையின் விளிம்பு ரம்பம்போல் இருப்பதையும், நடுநரம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அகன்றிருப்பதையும், புங்கிலையின் விளிம்பில் பல்லே இல்லாததையும் அவளே உங்களிடம் வந்து சொல்வாள். அழி ரப்பரை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான். ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கொடுத்தால், முப்பத்தைந்து பேரும் ‘மிகவும் மகிழ்ச்சியாகச் சென்று வந்தோம்’ என்று முடிக்கிறார்கள்.

சுற்றுலாவுக்கு முன் விடுகதையில் தொடங்குங்கள், ஐயா. ‘ஆயிரம் தச்சர் கூடி அமைத்த மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ என்று தேன்கூட்டைச் சொன்னவர், அதன் பெயரைச் சொல்லாமலே அதைக் கண்முன் நிறுத்திவிட்டார் அல்லவா? அதே விதிப்படி, வகுப்பறையில் உள்ள ஒரு பொருளுக்கு ஆளுக்கொரு விடுகதை எழுதட்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி சாக்பீசுக்கு, ‘பேசப் பேச இளைப்பான், பேசியதை அழித்தாலும் தேறமாட்டான்’ என்று எழுதினாள். அந்த வாரம் முழுவதும் வகுப்பே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன்பின் சுற்றுலாவுக்கு வரலாம். ‘மகிழ்ச்சி’, ‘அழகு’, ‘மிகவும்’ ஆகிய மூன்று சொற்களையும் தடைசெய்துவிட்டு, பேருந்து புறப்பட்ட முதல் பத்து நிமிடங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சன்னலோர இருக்கைக்கு நடந்த சண்டையும், யாருடைய பையிலிருந்தோ வந்த புளிச்சோற்று வாசனையும் தாமாகவே வந்து சேரும்.

லகர, ளகர, ழகரப் பிழைகளை அப்போதைக்கப்போதே திருத்த வேண்டாமா?

திருத்த வேண்டும், ஆனால் மறுநாள். முதல் படியிலேயே சிவப்பு மையைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை ‘தாழ்ப்பாள்’ என்று எழுத அஞ்சிக் ‘கதவு’ என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

கதையின் முடிவில் நீதி எழுதியே ஆகவேண்டுமா?

வேண்டாம்.

வண்ணங்கள் வாங்கப் பள்ளியில் பணமில்லை.

சமையலறையே போதும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசி, உலர்ந்தபின் ஆப்பச் சோடா கரைத்த நீரில் தூரிகையைத் தோய்த்துக் கோடிழுத்தால், கோடு செம்பழுப்பாக எழும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் வகுப்பறைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். சிவப்புச் செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா படியும்; அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகும், சோடா நீர் பட்டால் பச்சை கலக்கும். குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய் ஒரு பூ அச்சு. வாழை மட்டையின் வெட்டுமுகம் அறை அறையான வலை அச்சு. மஞ்சள் ஓவியம் வெயில் பட்டால் வெளிறிவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையேல் அழுகைதான்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைக் கொண்டுவந்தது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி உலக அளவில் பெயர்பெற்றது. அனுப்பலாம். ஆனால் பெற்றோர் தூரிகையைத் தொட்ட படம் பார்த்தவுடனே தெரிந்துவிடும், குறிப்பாக வானத்தின் சீரான நீலத்தில்.

ஐயா, நான் எட்டாம் வகுப்பு. நான் கவிதை எழுதினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

தம்பி, கொஞ்ச நாள் யாரிடமும் காட்டாதே. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், அன்று கேட்ட ஒரு பேச்சை மட்டும் சொன்னது சொன்னபடியே தினமும் எழுது. டீக்கடையில் கேட்டதோ, ஆச்சி திட்டியதோ எதுவானாலும் சரி. நோட்டு நிறைந்தபின் எனக்கு எழுது.