38 விழுக்காடு ஒற்றுமை என்றால் கருத்துத் திருட்டா?

உங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டை டர்னிடின் என்ற ஒற்றுமை சரிபார்ப்பு மென்பொருளில் பதிவேற்றியபோது 38 விழுக்காடு வந்தது, அப்படியென்றால் அது கருத்துத் திருட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டர்னிடின் காட்டும் 38 விழுக்காடு, உங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி அதன் தரவுத்தளத்தில் உள்ள எழுத்துகளோடு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அது திருட்டா என்பதை அறிக்கையைப் படிக்கும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டே இரண்டு இயல்களின் வரைவைப் பதிவேற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரைவு டர்னிடினின் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராகப் பொருந்தியிருக்கும். எனக்கு இதுவே முதல் ஐயம்.

1. அறிக்கையின் மூலப்பட்டியலைத் திறந்து, முதலிடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை விலக்கி மீண்டும் சரிபார்க்குமாறு நெறியாளரிடம் கேளுங்கள்.

2. துணைநூற்பட்டியலும் உரிய சான்றுடன் தந்த மேற்கோள்களும் விலக்கப்பட்டனவா என்றும் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை இவற்றோடு, தற்செயலாக அடுத்தடுத்துப் பொருந்தும் 14 சொற்கள் வரையிலும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. அதன் பிறகு 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். சான்று காட்டாமல் பிறர் கருத்தை வேறு சொற்களில் எழுதுவதை இக்கருவி பெரும்பாலும் தவறவிடும். ஆனால் துறை அறிந்த தேர்வாளர் கண்டுகொள்வார்.