வாடகைக் கார் செயலி நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாமா?

கேள்வி: செயலி வழியாக வாடகைக் கார் சேவை நடத்தும் ஒரு நிறுவனத்தின் பங்குகளில் என் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை முதலீடு செய்ய எண்ணுகிறேன். வருவாய் ஆண்டுதோறும் பெருகியும் இத்துறையில் லாபம் ஏன் நிலைப்பதில்லை?

பதில்: ஐந்தில் ஒரு பங்கு மிக அதிகம், காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்துக்குப் புதிய வாடிக்கையாளரால் கூடும் செலவு மிகக் குறைவு. இங்கோ ஒவ்வொரு சவாரிக்கும் ஓர் ஓட்டுநரின் நேரமும் வண்டியின் தேய்மானமும் எரிபொருளும் புதிதாகத் தேவைப்படுவதால், கட்டணத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே போய்விடுகிறது. நிறுவனத்திடம் எஞ்சுவது தரகு மட்டுமே. காப்பீடு, பயணிக்கான தள்ளுபடி, ஓட்டுநருக்கான ஊக்கத்தொகை ஆகிய அனைத்தும் அந்தத் தரகையே அரிக்கின்றன.

தரகை உயர்த்துவதும் எளிதன்று. பயணியும் ஓட்டுநரும் தத்தம் கைப்பேசியில் இரண்டு மூன்று செயலிகளை வைத்திருப்பதால், கட்டணம் கூடினால் முன்னவரும் தரகு கூடினால் பின்னவரும் நொடியில் போட்டியாளரிடம் போய்விடுகின்றனர். ஒரு நகரில் பிடித்த முதலிடம் அடுத்த நகரில் பெரிதாக உதவுவதுமில்லை. ஊபரே 2016-இல் சீன வணிகத்தை அங்குள்ள போட்டி நிறுவனமான டிடியிடமும், 2018-இல் தென்கிழக்காசிய வணிகத்தை அப்பகுதிப் போட்டி நிறுவனமான கிராபிடமும் ஒப்படைத்து, ஈடாகப் பங்குகளைப் பெற்றுக்கொண்டு விலகியது.

லாபமே வராது என்று நான் சொல்லவில்லை. 2019-இல் சுமார் 850 கோடி டாலர் நட்டம் கண்ட ஊபர், 2023-இல் ஏறத்தாழ 190 கோடி டாலர் நிகர லாபம் காட்டியது. ஆனால் அதில் கணிசமான பகுதி, அது வைத்திருந்த பிற நிறுவனப் பங்குகளின் மதிப்பு உயர்வால் வந்தது. அன்றாட வணிகத்திலிருந்து மட்டும் வந்த செயல்பாட்டு லாபம் 110 கோடி டாலர் அளவே. ஊபரின் அமெரிக்கப் போட்டியாளரான லிஃப்ட் நிறுவனம் 2019-இல் 72 டாலர் விலையில் பங்கு வெளியிட்டு, 2024-இல்தான் முதல் முழு ஆண்டு லாபத்தைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியில் அதன் பங்கு, வெளியீட்டு விலையின் கால்வாசிக்கும் கீழே இருந்தது. லாபம் வரும்வரை பொறுத்திருந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆகவே நிறுவனம் தானே வரையறுத்து விளம்பரப்படுத்தும் ‘சரிசெய்யப்பட்ட’ லாபத்தை ஒதுக்கிவிட்டு, செயல்பாட்டு லாபத்தையும், ஊழியர்களுக்குப் பங்காக அளிக்கும் ஊதியத்தைக் கழித்தபின் மிஞ்சும் பணவரத்தையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாக நடத்தவேண்டும் என்ற சட்டம் வந்தால் கணக்கு என்னாகும் என்பதையும் பாருங்கள். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபருக்கு எதிராக அவ்வாறே தீர்ப்பளித்தது. இவற்றுக்குப் பிறகும் வாங்க விரும்பினால், முழுவதும் இழந்தாலும் உங்கள் திட்டங்கள் குலையாத அளவோடு, சேமிப்பில் இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.