கணினிக் கேள்வி – பதில்: அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டொப் வரவில்லை

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே பயன்படுத்துங்கள். பெரிய எழுத்து தேவையான இடங்களில் சொல்லியிருக்கிறோம்.)

கேள்வி: எங்கள் ரியூஷன் நிலையக் கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ் இருக்கிறது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது உபுண்டு சின்னம் வந்ததும் திரை கறுத்து, ஒரு கோடு மட்டும் மினுங்குகிறது. ஃபோமற் பண்ணத்தான் வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளின் புள்ளிகள் முழுக்க அதற்குள். — உவர்மலை வாசகர்

பதில்: ஃபோமற் பண்ண வேண்டாம். புள்ளிகள் ஹோம் கோப்புறையில் இருக்கின்றன, அப்டேட் அந்தப் பக்கம் போவதில்லை. மனம் கேட்காவிட்டால் உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, ‘ட்ரை உபுண்டு’ கொடுத்து உள்ளே போய், கோப்புகளை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பொதிகள் (மென்பொருள் துண்டுகள், ஆங்கிலத்தில் பக்கேஜ்) இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு கெடுதியும் இல்லை, அடுத்த முறை மிச்சம் இறங்கும். விரித்து அமைக்கும் கட்டத்தில் போனால்தான் சிக்கல்: சில பொதிகள் புதிது, சில பழையது, சில அரைகுறை. டெஸ்க்டொப்பைக் கிளப்பும் பொதி அந்த அரைகுறையில் அகப்பட்டிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து முடித்துவைப்பதுதான் வைத்தியம்.

கறுத்த திரையில் கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மடிக்கணினி என்றால் எஃப்என் விசையும் தேவைப்படலாம். எழுத்துத் திரை வந்து பெயர் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். கணினியைத் தமிழ் மொழியில் வைத்திருந்தால் பிழைச் செய்திகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். ‘எக்ஸ்போர்ட் எல்சி_ஓல்=சி’ என்று கொடுத்தால் செய்திகள் ஆங்கிலத்துக்கு மாறும். எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு வருவன எல்லாம் பெரிய எழுத்து.

எதையும் திருத்துமுன் ‘டிஎஃப் -எச்’ கொடுத்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 100% என்று காட்டினால், இடமில்லாமல்தான் அப்டேட் முறிந்திருக்கவும் கூடும். ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கொடுத்தால் இறக்கிவைத்த பொதிக் கோப்புகள் போய் இடம் வரும் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கலாம்). பிறகு:

சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ

டிபிகேஜி நான்கு தனி எழுத்துகள். கொன்ஃபிகருக்கு முன்னால் இரண்டு கோடு, ஏ-க்கு முன்னால் ஒன்று. அரைகுறைப் பொதிகளை ஒவ்வொன்றாக அமைத்து முடிக்கும். ஏதாவது ஒரு பொதியை மறுபடி நிறுவச் சொல்லி நின்றுவிட்டால், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்’ என்று எழுதி அந்தப் பொதியின் பெயரைச் சேருங்கள். பூட்டு எடுக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், தானியங்கி அப்டேட் பின்னால் ஓடுகிறது. பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காமல் பொறுத்திருங்கள். அடுத்தது:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இந்த இடத்தில்தான் பலர் கணினியை உண்மையிலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். எவை அகற்றப்படும் என்ற பட்டியலை வாசியாமல் ‘ஒய்’ அடிக்காதீர்கள். அதில் ஜிடிஎம்3, க்னோம்-ஷெல், உபுண்டு-டெஸ்க்டொப் ஆகிய டெஸ்க்டொப் பொதிகளில் ஒன்று இருந்தாலும் ‘என்’ அடியுங்கள். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இதற்கு இணையம் வேண்டும். கைபேசியை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போட்டால் பெரும்பாலும் தானே பிடித்துக்கொள்ளும். வைஃபைதான் இருக்கிறதென்றால் ‘என்எம்டியுஐ’ என்ற கட்டளை எழுத்துத் திரையிலேயே பட்டியல் காட்டும்.

கடைசியாக ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் ஜிடிஎம்3 க்னோம்-ஷெல்’, பிறகு ‘சூடோ ரீபூட்’.

எஃப்3 திரையே வரவில்லை என்றால்: கணினி கிளம்பும்போது எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பழைய பயோஸ் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ரிக்கவரி மோட்’. அங்கே முதலில் ‘நெட்வேர்க்’, பிறகு ‘டிபிகேஜி’. வரிசையை மாற்ற வேண்டாம், டிஸ்க்கை எழுதக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவது அந்த முதல் தெரிவுதான்.

இனி அப்டேட் போடுவதென்றால் மடிக்கணினிக்கு பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், மேசைக்கணினிக்கு யூபிஎஸ் வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட். கடவுச்சொல் சரி, ஆனாலும் ஒரு கணம் கறுத்துவிட்டு மறுபடி கடவுச்சொல்லே கேட்கிறது. தங்கையின் கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. — கிண்ணியா

பதில்: தங்கையின் கணக்கு திறப்பதால் முறைமை நலம், பழுது உங்கள் ஹோமுக்குள். சூடோ போட்டு ஏதாவது திரைச் செயலியைத் திறந்திருந்தால் ‘.எக்ஸ்ஓதோரிட்டி’ என்ற மறைகோப்பு ரூட் (நிர்வாகிக் கணக்கு) பெயருக்கு மாறியிருக்கலாம். மேலே சொன்ன எழுத்துத் திரையில் உங்கள் பெயரில் நுழைந்து ‘எல்எஸ் -எல்ஏ’ கொடுங்கள். அந்தக் கோப்புக்கு எதிரே உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் ‘சூடோ ஆர்எம் .எக்ஸ்ஓதோரிட்டி’ (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, முன்னால் உள்ள புள்ளியை விடக்கூடாது). அடுத்த நுழைவில் புதிதாக உண்டாகும். அதுவும் உங்கள் பெயரில்தான் இருந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் இதே அறிகுறிதான். முறைமையைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்டை நாடத் தேவையில்லை. இயல்பான அமைப்பில் அது ஹோமைத் தொடுவதே இல்லை.

கேள்வி: உபுண்டுவில் புதிய கேர்னல் (முறைமையின் கரு) வந்த நாளிலிருந்து கறுப்புத் திரை. என்விடியா கார்ட். — மூதூர்

பதில்: மேலே சொன்ன அட்வான்ஸ்ட் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து பாருங்கள். அதில் வந்தால், புதிய கேர்னலுக்கு ஏற்ற என்விடியா மொடியூல் (கார்டை இயக்கும் நிரல்) இல்லை அல்லது ஏற மறுக்கிறது. ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ போதுமானது. நடுவே ஒரு கடவுச்சொல் அமைக்கக் கேட்டால் அதை எழுதிவையுங்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும்; ‘என்ரோல் மொக்’ தெரிவுசெய்து அதையே கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால், அறியாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற காவல் மொடியூலை உள்ளே விடாது.

கேள்வி: கடையில் உபுண்டுவைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். ரெங்கநாதன் விசைப்பலகையைக் காணவில்லை, பாமினியில் அடித்த கடிதங்கள் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. — தட்டச்சு நிலையம், தம்பலகாமம்

பதில்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்’. வெளியேறி மறுபடி நுழைந்து, செட்டிங்ஸ், கீபோர்ட், பிளஸ், தமிழ் என்று போனால் ரெங்கநாதன் தெரியும். கடிதங்கள் கெடவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு, அது இல்லாததால் அடியில் கிடப்பது தெரிகிறது. பாமினி கோப்பை ஹோமில் ‘.ஃபொன்ட்ஸ்’ என்ற கோப்புறை உண்டாக்கி அதில் போட்டு, ‘எஃப்சி-கேஷ் -எஃப்’ கொடுங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறக்க வேண்டும்.