கேள்வி-பதில்: ‘டிஸ்போசபிள்’ என்று போட்டிருந்தால் போதுமா?

மகள் வளைகாப்புக்கு பெங்களூரு சிக்பேட்டையில் ‘டிஸ்போசபிள், ஈகோ’ என்று போட்ட தட்டு 300 வாங்கினேன். ரசம் ஊற்றியதுமே அடி ஊறிக் கிழிந்தது. பாதிக்கு மேல் மீதம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.
*வாசகி, ஸ்ரீராமபுரம்*

அம்மா, அந்த வரிக்குப் பயந்து பணத்தை விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. எனவே இன்றே ஆரம்பியுங்கள். மீதித் தட்டு, அவை வந்த உறை, பில் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒரு தட்டில் சூடான ரசம் ஊற்றி, அடி ஊறும்வரை செல்போனில் வீடியோ எடுங்கள். பிறகு கடைக்காரரிடம் எழுத்தில் பணம் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு.

அடுத்த முறை மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தட்டு கேட்டு வாங்கி, கொதிக்கும் சாம்பாரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்குத் தமிழில் நோட்டீஸ் அடிக்கிறோம். ‘டிஸ்போசபிள் தட்டு’ என்பதை ‘மட்கும் தட்டு’ என்று எழுதலாமா?
*வாசகர், பிரேசர் டவுன்*

கூடாது. கடைக்காரர்கள் மக்களை ஏமாற்றுவதே இந்தக் குழப்பத்தில்தான். டிஸ்போசபிள் என்றால் ஒருமுறை பயன்படுத்தி எறிவது, நம் ஊர்ப் பேச்சில் ‘யூஸ் அண்ட் த்ரோ’, அவ்வளவுதான். எதனால் செய்தது, மண்ணில் மட்குமா, சுத்தமானதா என்ற மூன்றில் எதற்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை. தெர்மோகோல் தட்டும் டிஸ்போசபிள்தான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அது தடை. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ராவும் அதே பட்டியலில் உண்டு. கர்நாடகம் 2016-லேயே தடை போட்டுவிட்டது.

பேப்பர் கப்பைப் பாருங்கள். விளிம்பை மெதுவாகக் கிழித்தால் உட்புறம் மெல்லிய படலம் இழுபடும். அது பாலித்தீன். காகிதம் என்று நம்பி உரக்குழியில் போட்டால் படலம் அப்படியே கிடக்கும். ‘கம்போஸ்டபிள்’ (மட்கி உரமாகும்) என்று விற்கும் பிளாஸ்டிக்குக்கோ ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் இருக்கிறது. அதற்கும் உரத் தொழிற்சாலையின் சூடு, ஏறக்குறைய 58 டிகிரி, வேண்டும். மாடித் தொட்டியில் அந்தச் சூடு கிடைக்காது. தர எண்ணைப் பார்க்காமல் ‘மண்ணில் கரையும்’ குப்பைப் பை 50 வாங்கி நானும் பணத்தை இழந்திருக்கிறேன். எண் இல்லாத பையைத் தொடவே தொடாதீர்கள்.

நோட்டீஸில் பொருளின் பெயரையே போடுங்கள்: வாழை இலை, மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு, கரும்புச் சக்கைத் தட்டு. பாக்கு மட்டையில் கரும்புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். நல்லதையும் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துத் துடைத்துப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு இவை பச்சைத் தொட்டிக்கு, ஈரக் குப்பையாக. படலம் உள்ள கப்பைக் கழுவி உலர் குப்பையில் சேருங்கள்.

கடன் விண்ணப்பத்தில் ‘டிஸ்போசபிள் இன்கம்’ என்று ஒரு கட்டம். வீண் செலவுக்கான பணமா?
*வாசகி, ஜெயநகர்*

இல்லை. இங்கே அந்தச் சொல்லுக்கு ‘எறிவது’ என்ற பொருளே கிடையாது. ‘உங்கள் விருப்பப்படி கையாளக்கூடியது’ என்று பொருள். செலவிடத்தக்க வருமானம் என்று தமிழில் சொல்லலாம். சம்பளம் 60,000, வருமான வரியும் தொழில் வரியும் சேர்த்து 2,200 பிடித்தால் 57,800. வாடகை, மளிகையைக் கழிக்கக் கூடாது. சிலர் பழைய இஎம்ஐ-யைக் கழித்துப் போடச் சொல்வார்கள். கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

டெய்லி டிஸ்போசபிள் கான்டாக்ட் லென்ஸை இரவில் ஊறவைத்து நான்கு நாள் போடுகிறேன். கண் சிவக்கிறது. கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?
*வாசகர், மாரத்தஹள்ளி*

முடியாது. ‘டெய்லி’ என்று பெட்டி மேலேயே எழுதியிருக்கிறது. இந்த லென்ஸ் கழுவி மறுபடி போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாய்த் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே புண்ணாக்கும். லென்ஸை இப்போதே கழற்றி, இன்றே கண் டாக்டரிடம் போங்கள். மாத லென்ஸுக்கு மாறினாலும் உறை பிரித்த நாளிலிருந்து 30 நாள்தான் கணக்கு, போட்ட நாள்கள் அல்ல.

இன்சுலின் பேனா ஊசி உறையில் வட்டத்துக்குள் 2 என்று போட்டு, குறுக்கே கோடு அடித்திருக்கிறது. இரண்டு முறை போடலாம் என்கிறார் மெடிக்கல் ஷாப் பையன்.
*வாசகர், விவேக் நகர்*

நேர் எதிர். இரண்டாம் முறை போடாதே என்பதுதான் அந்தக் குறி. பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, சிவப்புத் தொட்டியில் தனியாகக் கொடுங்கள். வெறும் பையில் போட்டால் குப்பை பிரிப்பவர் கையில் குத்தும்.

டிஸ்போசபிள் வேப் (இ-சிகரெட்) வாங்கினேன். இரண்டே நாளில் நின்றுவிட்டது. பில் இல்லை. ரீஃபண்ட் கிடைக்குமா?
*வாசகர், கோரமங்களா*

கிடைக்காது. 2019 முதல் இந்தியாவில் அதை விற்பதே குற்றம்.