செவ்வாயின் சுற்றுக்காலம் 1.32 ஆண்டு என்று வருவது ஏன்?

வர்க்கமும் கனமும் இடம் மாறிவிட்டன. கெப்ளரின் மூன்றாம் விதியில் வர்க்கம் கோள் சூரியனைச் சுற்றும் காலத்துக்கு, கனம் சூரியனிலிருந்து அதன் தூரத்துக்கு. காலத்தை ஆண்டிலும் தூரத்தை வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் 1) வைத்தால் இரண்டும் சமம். செவ்வாயின் தூரம் 1.524. அதன் கனம் 3.54, அதன் வர்க்கமூலம் 1.88 ஆண்டு, அதாவது 687 நாள். நீங்கள் தூரத்தை வர்க்கமாக்கிக் கனமூலம் எடுத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் 1.32 அப்படியே வருகிறது.

சரிபார்க்க, தூரத்தை 4 என்று வையுங்கள். கனம் 64, வர்க்கமூலம் 8. அது வந்துவிட்டால் அப்புறம் வியாழனுக்கு 5.2 போடுங்கள், 11.86 வர வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 1.524 என்பது செவ்வாய் இன்று இருக்கும் தூரம் அல்ல, அதன் நீள்வட்டப் பாதையின் அரை நெட்டச்சு, அதாவது நீளமான விட்டத்தில் பாதி. உண்மைத் தூரம் 1.38 முதல் 1.67 வானியல் அலகு வரை மாறும். கெப்ளரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்ததும் இதே செவ்வாய்தான். செவ்வாயின் பாதை வட்டம் என்று வைத்து அவர் போட்ட கணக்குக்கும் வானியலாளர் டைக்கோ பிராகேயின் அளவீட்டுக்கும் வித்தியாசம் 8 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. அதைப் பிழை என்று தள்ளிவிடாமல் வட்டத்தையே கைவிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

வியாழனின் நிலவுகளுக்கு இந்த அலகுகளை அப்படியே போடாதீர்கள். அங்கே மையத்தில் இருப்பது சூரியன் இல்லை, மாறிலி (வர்க்கத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம்) வேறு.