கேக்குது, ஆனா விளங்குதில்ல

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா: "என்ட மனுசனுக்கு 54 வயசு, 30 வருசமா கடலுக்கு போட்டில போறவர். வீட்டில நான் கதைச்சா எல்லாம் கேக்கும். கலியாண வீடு, சந்தை எண்டா நான் ஒண்டு கேக்க அவர் வேற ஒண்டு சொல்லுவார், இல்லாட்டி சும்மா சிரிச்சுத் தலையாட்டுவார். கேட்டா, 'நீங்கதான் வாய்க்குள்ளயே புறுபுறுக்கிறீங்க, இஞ்சின் கொஞ்சம் மாறி அடிச்சாலும் எனக்குத் தெரியும், காதுக்கு ஒண்டுமில்ல' எண்டு ஏசுறார். என்னை மதிக்காமத்தான் இப்பிடிச் செய்யிறாரோ அக்கா?"

இல்ல தங்கச்சி, அந்த நினைப்பை முதல்ல விடுங்க. நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், இது மதிப்பு மரியாதைப் பிரச்சினை இல்ல, காதைத்தான் ஒருக்கா பாக்கணும். சத்தம் கேக்குது ஆனா சொல்லு விளங்குதில்ல, அதுவும் ஆக்கள் கூடின இடத்தில மட்டும் எண்டா கேள்வி (காது கேக்கிற திறன்) குறையத் தொடங்கினதுக்கு அதுதான் அனேகமா முதல் அடையாளம்.

அவர் இஞ்சின் கேக்குது எண்டு சொல்றதும் பொய்யில்ல. உள்காதில சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலங்கள் ஒரு காதில சுமார் 15,000தான், செத்தா திரும்ப முளைக்காது. வயசாலயும் இரைச்சலாலயும் முதல்ல அடிபடுறது கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிற பக்கம், இஞ்சின் மாதிரி அடித்தொண்டைச் சத்தத்தைப் பிடிக்கிற பக்கம் கனகாலம் நல்லா இருக்கும். கதைக்கேக்க ஆ, ஓ எல்லாம் பலமா வந்து விழும், ஆனா ச, த, ப, க எல்லாம் மெல்லிசான சத்தம். அது நழுவினா பல்லா கல்லா எண்டே தெரியாது. அமைதியான வீட்டில மூளை மிச்சத்தை ஊகிச்சு நிரப்பிடும், மேளமும் ஸ்பீக்கரும் சேர்ந்தா அந்த ஊகமும் போயிடும்.

எங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தான், கொரோனா நேரம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. மாஸ்க் போட்ட கடைக்காரரிட்ட மூண்டு தரம் "என்ன? என்ன?" எண்டார், அந்தாள் மாஸ்கை இறக்கிட்டு அதே சத்தத்திலதான் திருப்பிச் சொன்னார், உடன விளங்கிச்சு. அவ்வளவு நாளும் எங்கட வாயைப் பாத்துத்தான் பாதி கேட்டிருக்கிறார். உங்கட மனுசன்ட கண் எங்க போகுது எண்டு ஒருக்கா பாருங்க, நீங்க குசினியில இருந்து முதுகு காட்டிக் கதைக்கேக்க "ஆ?" எண்டுறாரா, டிவி சத்தம் கூடிக்கொண்டு போகுதா, பேரப்பிள்ளையள்ட குரல் கூட விளங்குதில்லையா எண்டும் பாருங்க.

"உங்களுக்குக் காது கேக்கல்ல" எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீங்க, வரமாட்டார். "குறும்பி அடைச்சிருக்கோ எண்டு பாத்திட்டு வருவம்" எண்டு சொல்லுங்க, அது பொய்யுமில்ல, சிலருக்கு முழுக் காரணமும் அதுதான். ஆனா கோழியிறகு, ஊசி, எண்ணெய் ஒண்டும் காதுக்குள்ள போடவேணாம். காது மூக்கு தொண்டை கிளினிக்கில காட்டிட்டு கேள்விப் பரிசோதனை செய்யச் சொல்லுங்க, ஹெட்போன் போட்டு 250 தொடங்கி 8000 ஹேர்ட்ஸ் வரைக்கும் (எண் கூடக் கூட சத்தம் கீச்சாகும்) பாப்பாங்க, இரைச்சலால வந்த பழுதெண்டா அனேகமா ரிசல்ட் கோட்டில 4000 பக்கத்தில ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சிலருக்கு ரிசல்ட் நோர்மல் எண்டு வந்தும் கூட்டத்தில விளங்காது, அப்பிடியெண்டா இரைச்சலுக்குள்ள பேச்சு விளங்குதா எண்டு பாக்கிற டெஸ்ட் இருக்கா எண்டு கேளுங்க. அதுக்கு முதல் பேஸ்புக்கில விக்கிற காது மெஷின் ஒண்டும் வாங்கவேணாம்.

ஒண்டு மட்டும் கவனம். ஒரு காது திடீரெண்டு, ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள அடைச்ச மாதிரிப் போனா கிளினிக் நாள் வரும்வரை நிக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மருந்து நேரத்தோட தொடங்கினாத்தான் பலன்.

அதுவரைக்கும் கத்தாதீங்க, கத்தினா சொல்லு இன்னும் குழம்பும், கோவம் எண்டும் நினைப்பார். பேரைக் கூப்பிட்டு, முகத்தைப் பாத்து, ஆறுதலாச் சொல்லுங்க. விளங்காட்டி அதே சொல்லைத் திருப்பாம வேற மாதிரிச் சொல்லுங்க. கலியாண வீட்டில ஸ்பீக்கருக்குத் தள்ளி, சுவர் முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரிக் கதிரை பிடிச்சுக் குடுங்க. போட்டில கைநீட்டுத் தூரத்தில நிக்கிறவரோட கத்தித்தான் கதைக்கணும் எண்டா அங்க சத்தம் 85 டெசிபல் பக்கம் எண்டு வைங்க, அதில ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் காது தாங்கிற கணக்கு, 3 டெசிபல் கூடினா 4 மணித்தியாலம். பார்மசியில ஸ்பொஞ்ச் காதடைப்பான் கேட்டு வாங்கி, அவர் கடலுக்குக் கொண்டு போற பையிலயே போட்டு விடுங்க.