பென் டிரைவில் இருந்து விண்டோஸ் ஏறவில்லையா? கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-இல் நிறுத்திய பிறகு, திருகோணமலையில் என்னைத் தெரிந்தவர்கள் பலரும் பென் டிரைவும் கையுமாகத்தான் வருகிறார்கள். கேட்டவற்றுக்கெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உவர்மலையில் இருந்து: அண்ணா, விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ-வை இறக்கி பென் டிரைவுக்குள் கொப்பி பண்ணினேன். லெப்டொப் கண்டுகொள்ளவே இல்லை. பென் டிரைவ் பழுதா?

பழுதில்லை தம்பி. ஐ.எஸ்.ஓ என்பது கட்டிவைத்த பொதி. பொதியை அப்படியே வைத்தால் கம்ப்யூட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அதைப் பிரித்து பென் டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் வேண்டும். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும், ஆனால் அதில் இருக்கிற எல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

கிண்ணியாவில் இருந்து: ரூஃபஸில்தான் செய்தேன். ஆனாலும் பூட் மெனுவில் பென் டிரைவ் வரவில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். முதலில் உங்கள் கம்ப்யூட்டர் எந்த முறையில் பூட் ஆகிறது என்று பாருங்கள். பழைய விண்டோஸ் ஓடும்போதே ஸ்டார்ட்டில் எம்.எஸ்.இன்ஃபோ32 என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் பயோஸ் மோட் என்ற வரிக்கு நேரே யூ.ஈ.எஃப்.ஐ (புது முறை) என்றோ லெகசி (பழைய முறை) என்றோ இருக்கும். ஜி.பி.டி, எம்.பி.ஆர் என்பவை டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் இரண்டு முறைகள். யூ.ஈ.எஃப்.ஐ என்றால் ரூஃபஸில் ஜி.பி.டி, லெகசி என்றால் எம்.பி.ஆர். இதை மாற்றி எழுதினால் நல்ல பென் டிரைவும் கண்ணில் படாமல் போகலாம். (லெகசி மட்டுமே உள்ள பழைய மெஷினுக்கு விண்டோஸ் 11-ஐ மைக்ரோசொஃப்ட் அனுமதிப்பதில்லை, அதற்கு லினக்ஸ் போடுங்கள், நன்றாகவே ஓடும்.)

அப்புறம், எதில் இருந்து பூட் ஆவது என்று கேட்கும் பூட் மெனுவை வரவைக்கிற பட்டன். பொதுவாக எச்.பி.யில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12, அசூஸ் லெப்டொப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பலதில் முதலில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எஃப்12 மெனுவை இயக்கி விட வேண்டும். லோகோ வந்த பிறகு அழுத்தினால் பிந்திவிடலாம், பவர் போட்ட கையோடு தட்டிக்கொண்டே இருங்கள். அப்படியும் முடியாவிட்டால் விண்டோஸுக்குள் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள், வருகிற நீலத் திரையிலேயே பென் டிரைவைத் தெரிவு செய்யலாம்.

நிலாவெளியில் இருந்து: அண்ணா, இன்ஸ்டோல் செய்யும்போது இந்த டிஸ்க் எம்.பி.ஆர், இதில் போட முடியாது என்கிறது. எல்லாப் பார்ட்டிஷனையும் டிலீட் பண்ணட்டா?

பொறுங்கள் தங்கச்சி, கையை எடுங்கள்! டிலீட் பண்ணினால் அந்தச் செய்தி போய்விடும், உண்மைதான். கூடவே டி டிரைவில் இருப்பதும் போய்விடும். சில வருடங்களுக்கு முன் நான் இதே இடத்தில், இதே அவசரத்தில் டிலீட் கொடுத்தேன். அதில் அக்காவின் கலியாணப் படங்கள் இருந்தன, வேறு பிரதி கிடையாது, மீட்பு மென்பொருள் போட்டுத் தேடியும் பாதிப் படங்கள் சாம்பல் பட்டையாகத்தான் வந்தன. அன்றிலிருந்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்ததைத் திறந்து பார்க்காமல் யாருடைய மெஷினிலும் அந்தத் திரையைத் தாண்டுவதில்லை. நீங்களும் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள், பிறகு டிலீட் பண்ணுங்கள்.

தம்பலகாமத்தில் இருந்து: புது லெப்டொப். இன்ஸ்டோலர் வருகிறது, ஆனால் டிஸ்க் ஒன்றுமே காட்டவில்லை.

இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் பெரும்பாலும் வி.எம்.டி என்ற, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் வசதிதான் காரணம். டிஸ்க் நல்லபடி இருக்கிறது, அதைப் பார்க்கிற டிரைவர் இன்ஸ்டோலரில் இல்லை. லெப்டொப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மொடலுக்கான இன்டெல் ஆர்.எஸ்.டி டிரைவரை இறக்கி, விரித்த ஃபோல்டராக அதே பென் டிரைவில் போட்டு, டிஸ்க் கேட்கும் திரையில் லோட் டிரைவர் கொடுங்கள். பயோஸில் வி.எம்.டி-யை அணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு, ஆனால் உள்ளே இருக்கிற விண்டோஸ் அதோடு எழும்பாமல் போகலாம். பயோஸில் எதைத் தொடுவதற்கு முன்னும் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள் ஐயா, அந்த 48 இலக்கம் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை.

மூதூரில் இருந்து: ஒருமுறை பூட் ஆகிறது, மறுமுறை ஆகவில்லை. பாதியில் கோப்பு இல்லை என்று நிற்கிறது.

டோர்ச் அடித்து பென் டிரைவின் வாய்க்குள் பாருங்கள். நாலு பொன்னிறப் பட்டைகள் தெரியும். அவை மங்கியோ பச்சையாகவோ இருந்தால் களிம்பு பிடித்திருக்கிறது. கடற்கரையில் இருக்கிறோம், உப்புக் காற்று எதையும் விடாது. ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய விட்டுச் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்க போர்ட்டை விட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கிற போர்ட்டில் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பென் டிரைவே போலியாக இருக்கலாம். 64 என்று எழுதியிருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. ரூஃபஸில் பழுதான பகுதிகளைச் சோதிக்கிற தெரிவு உண்டு, நேரம் எடுக்கும், ஆனால் போலி என்றால் சொல்லிவிடும்.

உப்புவெளியில் இருந்து: எல்லாம் சரியாகப் போய் ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப முதலில் இருந்து தொடங்குகிறது!

முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைக் கழற்றி விடுங்கள். மிச்சத்தை டிஸ்க்கில் இருந்தே முடித்துக்கொள்ளும்.